மணவூரில் ஒரு மணி நேரம்

திருத்தணிக்குப் புறப்பட்ட நாம் வழியில் மணவூர் ஸ்டேஷனில் இறங்கினோம். திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவிலுள்ள சிற்றூர் அது. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதல் பிரயாணி வண்டி இவ்வழியாகத்தான் சென்றது. அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. வணிகர் குலச் செல்வத்தையெல்லாம் உதறிய காரைக்கால் அம்மையார் வந்தடைந்த தலம்.

மர நிழலில் மூதாட்டி ஒருத்தி, நிறைமாதப் பேத்தியுடன் சென்னை வண்டிக்குக் காத்திருந்தாள்.

"எங்கே பிரயாணம், பாட்டி?" என்றோம்.

"திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கு, ஐயா. இவளைப் பெற்றதும் அங்கேதான்."

1948-இல் கஸ்தூரிபா காந்தியின் பெயர் சூட்டப்பட்ட பிறகும் அந்தப் பழைய பெயர் ஜனங்களின் நாவை விட்டு அகலவில்லை! ஆண் வைத்தியர் முன் வர இயலாத ஸ்திரீகளுக்காக 1885-இல் சென்னையில் தோன்றிய ஆஸ்பத்திரி அது. அதே ஆண்டில்தான் வைஸ்ராயின் மனைவி டப்ரின் சீமாட்டி, இந்தியப் பெண்களின் வைத்தியத்துக்கென்று ஒரு நிதி திரட்டத் தொடங்கினாள்.

ஹாரியட் என்ற அச்சீமாட்டி 1843-இல் அயர்லாந்தில், கில்லிலே கோட்டையில் பிறந்தவள். பத்தொன்பதாம் வயதில் டப்ரின் பிரபுவை மணந்து, கானடா முதல் ருஷியா வரை ராஜ சபைகளிலும் விருந்துகளிலும் விளங்கினாள். 1884-இல் இந்தியாவுக்கு வந்தாள். பெண்களுக்கு வைத்தியக் கல்வி, சிகிச்சை, தாதிகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி என்ற மூன்றும் அவளது நிதியின் நோக்கங்கள்.

இங்கே ஒரு விசித்திரம். அவளுடைய கொள்ளுப்பாட்டனார் ஹாமில்டன் ரோவன், அயர்லாந்தின் உரிமைக்காகப் போராடிச் சிறை புகுந்து, 1794-இல் தப்பியோடிய வீரர். அவள் கணவரோ 1888-இல் நமது காங்கிரஸைக் கண்ணுக்குத் தெரியாத சிறுபான்மை என்று ஏளனம் செய்தவர்! நிதிக்குப் பொருள் கொடுத்தவர்களில் நம் மன்னர்களும் தனவந்தர்களும் பலர். உயர்ந்த உத்தியோகங்களோ பெரும்பாலும் வெள்ளைக்கார மாதர்களுக்கே சென்றன.

அப்படியானால் அவளை மறந்துவிடலாமா? கூடாது என்றே நமக்குத் தோன்றுகிறது. அம்மையாரைப் போல் அவள் செல்வத்தைத் துறக்கவில்லை. 1936-இல் இறக்கும்வரை சீமாட்டியாகவே வாழ்ந்தாள். ஆயினும் மாளிகையில் இருந்தபடியே, திரைக்குப் பின்னாலிருந்து எழுந்த வேதனைக் குரலுக்குச் செவி கொடுத்தாள். ஆட்சியை எதிர்ப்பது வேறு. நன்றி மறப்பது வேறு.

வண்டி வந்தது. கர்ப்பிணியைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டோம்.

"அங்கே டாக்டர் யார், பாட்டி?"

"நம்ம பக்கத்துப் பொண்ணுதான், ஐயா. திருத்தணிக்காரி!" என்றாள் கிழவி, ஜன்னல் வழியாகப் பெருமையுடன்.

சீமாட்டியின் நிதி தொடங்கிய வேலையை நம் பெண்களே ஏற்றுக்கொண்டு விட்டார்கள். மனம் நிறைந்து, நாம் தணிகை மலைக்குப் போகும் வண்டியை எதிர்நோக்கி நின்றோம்.