மஞ்சளும் சங்குப்பூவும்: ஒரு சமையலறை நாட்குறிப்பு

திங்கட்கிழமை

ஆரத்திக்கு மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் செந்நிறம் எழுவது தமிழ் வீடுகளில் வழிவழியாக நடந்துவரும் வேதிவினையே எனினும், அதை எவரும் சோதனையாகக் கருதுவதில்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் புளிப்பிலும் வெறும் நீரிலும் மஞ்சளாகவே இருந்து, காரத்தன்மை கூடும்போது மட்டும் சிவக்கிறது. தான் சேரும் கரைசலின் இயல்பை இவ்வாறு நிறத்தால் காட்டும் பொருளை வேதியியலார் நிறங்காட்டி என்பர். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விழியைப் புண்ணாக்கும் ஆதலால், சிறு குழந்தையின் கையில் சோப்பு நீரைக் கொடுப்பதே முறையாகும். மஞ்சள் பூசி உலர்த்திய காகிதத்தில் சோப்பு நீரைத் தொட்டுக் குழந்தை வரைந்த மீன் செம்பழுப்பாக எழுந்து, எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் மீண்டும் மஞ்சளுக்குத் திரும்பியது.

புதன்கிழமை

மஞ்சள் ஒரு திசையில் மட்டுமே பேசும். நீலச் சங்குப்பூவோ இரு திசையிலும் பேசுவது. அதன் இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து, ஆறிய நீல நீரைக் கிண்ணங்களில் பகிர்ந்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறும் இன்னொன்றில் சமையல் சோடாவும் சேர்த்தபோது, முன்னது ஊதாவாகவும் பின்னது பச்சை கலந்த நீலமாகவும் மாறின. இதழ்களிலுள்ள ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருளின் மூலக்கூறு, அமிலத்திலும் காரத்திலும் வெவ்வேறு வடிவம் கொண்டு ஒளியை வெவ்வேறாக உட்கவர்வதே இதன் காரணம். வேதியியலார் இராபர்ட் பாயில் 1664-இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில், வயலட் பூவின் சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பசுமையாவதையும் விரித்துரைத்தார்.

இத்தகைய சோதனைகளைக் கற்பிப்போர் பலரும் நிறம் மாறிய வியப்போடு நிறுத்திக்கொள்வது வருந்தத்தக்கது; வியப்பு தூண்டிற்புழு மட்டுமே. ஒவ்வொரு பொருளையும் ஊற்றுமுன் எந்த நிறம் வருமெனக் குழந்தையைச் சொல்லவைத்து, எதுவும் சேர்க்காத ஒரு கிண்ணத்தை ஒப்பிடுவதற்காகத் தனியே வைத்தால் (ஆய்வாளர் இதைக் கட்டுப்பாட்டு மாதிரி என்பர்), விளையாட்டு ஆய்வாக மாறத் தொடங்குகிறது. சர்க்கரை சேர்த்தும் நீலம் மாறாதபோது குழந்தைக்கு ஏமாற்றமே உண்டாயிற்று. ஆயினும் புளிப்புக்கும் நிறத்துக்கும் உள்ள உறவு அந்த மாறாத கிண்ணத்தைக் கண்ட பின்னரே அதற்குப் பிடிபட்டது.

வியாழக்கிழமை

கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சாக்பீஸின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே புள்ளியிட்டு, மை நனையாதபடி சிறிது நீரில் நிறுத்தினால், நீர் நுண்துளைகள் வழியே மேலேற, மையில் கலந்துள்ள நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். உருசியத் தாவரவியலார் மிகயீல் சுவெத், சுண்ணப்பொடி நிரப்பிய குழாயில் இலை நிறமிகளைப் பிரித்து, 1906-இல் நிறப்பிரிகை எனப் பெயரிட்ட முறையின் எளிய வடிவம் இது.

சனிக்கிழமை

தட்டில் ஊற்றிய கொழுப்பு நிறைந்த பாலில் உணவு நிறத் துளிகளை இட்டு, பாத்திரம் கழுவும் திரவம் தோய்த்த பஞ்சால் நடுவில் தொட்டதும் நிறங்கள் ஓரத்தை நோக்கிப் பாய்ந்தன. நீர்மத்தின் மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கும் விசையாகிய பரப்பு இழுவிசை, சோப்பு பட்ட இடத்தில் குறைய, இறுக்கம் குறையாத ஓரங்கள் மேற்பரப்பைத் தம்பால் இழுக்கின்றன. ஜெர்மனியில் பல்கலைக்கழகக் கல்விக்கு வழியின்றி வீட்டுப் பணிகளைக் கவனித்துவந்த ஆக்னஸ் பொக்கெல்ஸ் தம் வீட்டிலேயே இவ்விசையை அளந்தார். அவர் ஆங்கில இயற்பியலார் ரேலி பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று.

சிறிது நேரத்தில் அசைவு நின்றுவிட, சோப்பு தீர்ந்துவிட்டதென்று குழந்தை முடிவுகட்டியது. புதிதாகத் தோய்த்த பஞ்சாலும் அதே பால் அசையவில்லை. புதுப் பாலை ஊற்றியதும் அசைந்தது. தட்டு முழுவதும் சோப்பு பரவி இழுவிசை எங்கும் ஒரே அளவாகக் குறைந்துவிட்டமையால் இழுப்பதற்கு ஓரம் எஞ்சவில்லை என்பதே விளக்கம்.