உருகுவதும் கரைவதும்

பலெர்மோவில் சின்னம்மாவோடும் தங்கச்சியோடும் மொன்தே பெல்லெக்ரினோ மலை ஏறினேன். சான்தா ரொசாலியாவின் குகைக்கோவில் அங்கேதான். 1624இல் நகரில் கொள்ளைநோய் பரவியபோது அந்த மலையில் கிடைத்த எலும்புகளை அவருடையவை என்று ஊர்வலமாகக் கொண்டுபோக நோய் தணிந்தது என்பது அவ்வூர் நம்பிக்கை. எங்கள் ஆட்களும், சைவர்கள் உட்பட, நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறுகிறார்கள். சின்னம்மா திருநீற்றோடு வந்தார். தங்கச்சி சப்பாத்து இரண்டையும் லேஸால் சேர்த்து முடிந்து தோளில் போட்டிருந்தாள்.

ஏழு வருடம் சின்னம்மா என்னோடு பேசவில்லை. காரணம் ஒரு வசனம். லண்டனில் முதுகலை முடித்து ஐடி ஆலோசகனாகிவிட்ட மிதப்பில் போனில் சொன்னேன்: "உங்கட பிள்ளை இத்தாலிக்காரரோட கரைஞ்சு போட்டாள்." அப்போது அவர் ஒரு வயோதிபரின் வீட்டில் இரவுபகலாகத் தங்கி வேலை செய்துகொண்டிருந்தார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். இப்போது என் மகன், நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான். போன மாதம் சின்னம்மாவே கூப்பிட்டார்: "நேர்த்தி ஒண்டு இருக்கு, வா."

குகையின் பாறை எப்போதும் சொட்டுகிறது. அதை ஏந்தி வழியவிட மேலே உலோகப் பீலிகள் பொருத்தியிருக்கிறார்கள். ஏற்றிய மெழுகுதிரியைப் பார்த்துத் தங்கச்சி, "அம்மா, கரையுது" என்றாள்.

"உருகுது எண்டு சொல்லு. கரையிறது சீனி."

பாவம், இத்தாலிய மொழியில் இரண்டுக்கும் 'ஷோல்யெரே' என்ற ஒரே சொல்தான். தமிழ் விடாது. உருகிய மெழுகு ஆறினால் திரும்பவும் மெழுகு. தேத்தண்ணியில் கரைந்த சீனியைக் கண்ணால் தேடமுடியாது. (காகம் கத்துவதும் கரைதல்தான், அன்று போனில் நான் செய்தது அதுவாக இருக்கலாம்.)

பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. பனிக்கட்டி உருகும்போது எவ்வளவு சூடு கொடுத்தாலும், முழுதாக உருகி முடியும்வரை வெப்பமானி 0 பாகையிலேயே நிற்கும். ஒரு கிலோ பனிக்கட்டி அப்படி விழுங்கும் சூடு, அதே அளவு குளிர்ந்த தண்ணீரை ஏறக்குறைய 80 பாகைவரை கொண்டுபோகப் போதும். என் பெயரை யாராவது எடுத்தால் சின்னம்மா எழுந்துபோய்க் கழுவிய பாத்திரத்தைத் திரும்பவும் கழுவுவாராம். முகத்தில் ஒன்றும் தெரியாதாம். தங்கச்சி ஏறும்போது மெல்லச் சொன்னாள்.

வெளியே வந்ததும், "அண்டைக்கு நான் சொன்னது பிழை, சின்னம்மா" என்றேன்.

"கல்லுச் சுடுது. முதல்ல செருப்பைப் போடு."

தங்கச்சி படியில் குந்தியிருந்து லேஸ் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணா, இதுக்கும் ஷோல்யெரே எண்டுதான் சொல்லுவம். தமிழில என்ன?"

"அவிழ்க்கிறது" என்றோம், நானும் சின்னம்மாவும் ஒரே நேரத்தில்.