பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை: ஒரு தள்ளுவண்டித் தேடல்

கிள்ளானில் அப்பா வீட்டுக்குப் பக்கத்துக் கடைவரிசையில், இருபதடிக்கு ஒரு கால்வாய் மூடி வரும். இரும்புக் கம்பிகளை நீளவாக்கில் அடுக்கிச் செய்த மூடி. பெரியவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. செருப்புக் காலோடு மிதித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா என் மகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். நான் நாலடி பின்னால், கையில் தோசைப் பொட்டலத்தோடு. முன் சக்கரம் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இறங்கி, வண்டி சட்டென்று நின்றது. பின்பக்கம் மேலே எழும்பியது. பாப்பாவுக்கு அப்போது ஒன்பது மாதம். வார்ப்பட்டை பிடித்துக்கொண்டதால் முகம் தரையைத் தொடவில்லை. முன்கம்பியில் நெற்றி இடித்து ஒரு சிறு வீக்கம், பத்து நிமிட அழுகை. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். அப்பா நினைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தினமும் அரை மணி நேரம் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனியாக நடக்கச் சொன்னால் நூறு காரணம் சொல்வார். பேத்தியை வண்டியில் வைத்துக் கொடுத்தால் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிடுவார். அந்தக் காலைக்குப் பிறகு அதுவும் நின்றது. “நீயே தள்ளும்மா, என் கை சரியில்ல” என்பார். முப்பது வருடம் கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஈப்போ வரைக்கும் லாரி ஓட்டிய கை அது.

ஆகவே நான் தள்ளுவண்டி தேடியது ஆசைக்காக அல்ல. அப்பாவை மறுபடியும் தெருவில் இறக்கவேண்டும்.

நாங்கள் இருப்பது பிரிக்பீல்ட்ஸில். பேரிலேயே செங்கல் இருக்கும் ஊர். 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து மரமும் அத்தாப்பும் வேய்ந்த கோலாலம்பூரை அழித்தபின், கட்டடங்களைச் செங்கல்லால் கட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடம் இது. இன்று துன் சம்பந்தன் சாலையில் பூக்கடையும் புடவைக்கடையும் மணக்க, 2010-இல் மன்மோகன் சிங் வந்து திறந்து வைத்த லிட்டில் இந்தியா. நடக்க அருமையான ஊர்தான். ஆனால் உங்கள் நடையைச் சக்கரத்தின் மேல் ஏற்றிப் பாருங்கள், வேறு ஊராகிவிடும்.

பழைய கடைவரிசைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையை எடுத்துக்கொள்வோம். மழைக்கும் வெயிலுக்கும் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்திலேயே இது உண்டு, அங்கிருந்து மலாயா முழுக்கப் பரவியது. ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலைத் தன் இஷ்டத்துக்கு உயர்த்தியிருப்பார். ஒரு கடைக்கு மூன்று அங்குலம் ஏறினால் அடுத்த கடைக்கு ஐந்து அங்குலம் இறங்க வேண்டும். நடுவில் தூண், தூணோடு சாய்த்த மோட்டார்சைக்கிள், மாலை கட்டும் அக்காவின் முக்காலி. பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் என்பதால் பல நடைபாதைகளில் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்கள் பதித்திருக்கிறார்கள். சின்னச் சக்கர வண்டியில் அதன்மேல் போனால் பாப்பாவின் கன்னம் இரண்டும் ஆடும். தள்ளுவண்டிக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: அந்த மஞ்சள் கோட்டின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு வடை வாங்கப் போகாதீர்கள். கைத்தடியோடு வருபவருக்கு அதுதான் சாலை.

வண்டி பார்க்கப் பேரங்காடிகளுக்குப் போனேன். அங்கேதான் முதல் தவறு. பளிங்குத் தரையில் எந்த வண்டியும் வழுக்கிக்கொண்டு போகும். விற்பவர் ஒரு விரலால் தள்ளிக் காட்டுவார், நாமும் மயங்குவோம். விலையோ சில நூறு வெள்ளியில் தொடங்கி மூவாயிரத்தையும் தாண்டுகிறது. “எல்லாத் தரைக்கும் ஏற்றது” என்று அட்டையில் எழுதியிருக்கும். திருப்பிப் பார்த்தால் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் சக்கரம்.

அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார். அம்மா பிறந்தது ரப்பர் தோட்டத்தில். பாட்டி விடியுமுன்னே பால்வெட்டுக்குக் கிளம்பும்போது அம்மாவை இடுப்பில் தூக்கிப்போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிடுவாராம். அங்கே வரிசையாகத் துணித்தூளி. “எங்களையெல்லாம் எந்த வண்டியில வச்சுத் தள்ளுனாங்க?” என்றார். நியாயமான கேள்வி. தைப்பூசத்துக்குப் பத்துமலை போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: இரண்டு கரும்பில் மஞ்சள் துணியைத் தொட்டிலாகக் கட்டி, பிள்ளையை உள்ளே படுக்கவைத்து, அப்பனும் ஆத்தாளும் முன்னும் பின்னும் தோள் கொடுத்து 272 படி ஏறுவார்கள். அந்தத் தொட்டில் போகாத தரை கிடையாது. சக்கரம் வைத்த எதுவும் அந்தப் படியில் ஏறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்துமலைக்கு வண்டியோடு போகலாம், கீழே புறாக்களிடம் விளையாடலாம், மேலே போகத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் தூளிதான் வழி.

தேடிப் படித்ததில் இரண்டு மனிதர்கள் மனதில் நின்றார்கள். ஒருவர் ஓவன் மக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கரத்தை வடிவமைத்த பொறியாளர். கனமான வண்டியோடு பயணம் செய்து மகள் படும் பாட்டைப் பார்த்து, 1965-இல் குடைபோல் மடங்கும் இலேசான வண்டிக்குக் காப்புரிமை கேட்டார். இன்று ரயிலில் நாம் பார்க்கும் மடக்கு வண்டிகளுக்கெல்லாம் மூதாதை அதுதான். இன்னொருவர் ஃபில் பேக்லர், அமெரிக்காவின் யாகிமா என்ற ஊரில் பத்திரிகை வேலை பார்த்தவர். ஓடப் பழகியவர், பிள்ளை பிறந்ததும் ஓட முடியவில்லை. 1984-இல் ஒரு தள்ளுவண்டியில் சைக்கிள் சக்கரம் மாட்டி மகனை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடினார். மூன்று சக்கர ஓட்ட வண்டிகள் அங்கிருந்து கிளம்பின. ஒருவர் வண்டியைச் சின்னதாக்கினார், ஒருவர் பெரிதாக்கினார். நமக்கு எது வேண்டும் என்பது நாம் இருக்கும் தெருவைப் பொறுத்தது.

புது வண்டி கட்டுப்படியாகாது என்று ஷா ஆலாமில் ஒரு குடும்பம் விற்கவிருந்த பழைய வண்டியைப் பார்க்கப் போனோம். அப்பாவை வற்புறுத்திக் கூட்டிப்போனேன். முதலில் காரை விட்டே இறங்கவில்லை. பிறகு தூரத்திலிருந்து டயரைப் பார்த்தார், இறங்கிவிட்டார்.

அடுத்த அரைமணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. குனிந்து கட்டைவிரலால் டயரை அழுத்தினார். “காத்தா, நுரையா?” காற்று. முன்னால் பன்னிரண்டு அங்குலம், பின்னால் பதினாறு. நுரை அடைத்த டயர் பஞ்சராகாது, ஆனால் அதிர்வை அப்படியே மேலே அனுப்பும் என்றார். காற்று டயர் குலுக்கலைத் தானே விழுங்கிக்கொள்ளும், பதிலுக்கு ஆணி ஏறினால் வேலை வைக்கும். வால்வைப் பார்த்தார், கார் வால்வு மாதிரியேதான். “பெட்ரோல் ஸ்டேஷன்ல அடிச்சுக்கலாம், ஆனா டயர் ஓரத்துல போட்டிருக்கிற அளவுக்கு மேல போயிடாத. சின்ன டயர், கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள வெடிச்சிரும்.”

பிறகு என் உள்ளங்கையைப் பிடித்து டயரின் அகலத்தில் வைத்தார். இரண்டு அங்குலம் இருக்கும். “அன்னிக்குச் சக்கரம் ஏன் இறங்குச்சு தெரியுமா? ஒல்லியா இருந்துச்சு. கம்பிக்கு நடுவுல போற அளவுக்கு ஒல்லி. இது போகாது.” படி ஏறுவதற்குச் சக்கரத்தின் உயரம் வேண்டும், கம்பி மூடியைத் தாண்ட அகலம் வேண்டும் என்று இரண்டையும் பிரித்துச் சொன்னார். நான் இத்தனை நாள் படித்ததில் யாரும் இப்படிச் சொல்லவில்லை. அந்தக் காலைச் சம்பவத்தை அவர் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வண்டியைச் சமதரையில் தள்ளிவிட்டு, கையை எடுத்துவிட்டு, நேராகப் போகிறதா என்று பார்த்தார். இடப்பக்கம் இழுத்தது. விற்றவர் சங்கடப்பட்டார். முன் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு திருகைத் திருப்பினால் சரியாகும் என்று அப்பாவே கண்டுபிடித்துத் திருப்பினார். கைப்பிடியில் ஒரு பிரேக், காலால் மிதிக்கும் நிறுத்தி ஒன்று. கைப்பிரேக் எல்லா வண்டியிலும் இருப்பதில்லை. இறக்கத்தில் வயதானவர் தள்ளுவதாக இருந்தால் அது இல்லாத வண்டியை வாங்காதீர்கள். கைப்பிடியிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு வார், கை நழுவினாலும் வண்டி ஓடாது. பிள்ளைக்குத் தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவில் ஒன்று என ஐந்துமுனை வார்ப்பட்டை. பழையது வாங்குகிறவர்கள் பூட்டு ‘கிளிக்’ என்று விழுகிறதா, மடிக்கும் இடத்தில் சட்டம் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். 900 வெள்ளிக்குக் கேட்டு 780-க்கு முடித்தார் அப்பா. கடைசி இருபது வெள்ளிக்கு அவர் செய்த பேரத்தை எழுதினால் விற்றவர் வருத்தப்படுவார்.

குறைகளையும் சொல்லவேண்டும். பதின்மூன்று கிலோ எடை. எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதான நாளில் நான்கு மாடி தூக்கினேன், என் கணவரின் பெயரை ஒவ்வொரு மாடியிலும் சொல்லிக்கொண்டே. பழைய கடைவரிசையில் தூணுக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் நடுவில் நுழையாது. 2020 ஜனவரியிலிருந்து காரில் குழந்தை இருக்கை கட்டாயம் அல்லவா, அதைப் பொருத்தியபின் எங்கள் மைவியில் இந்த வண்டிக்கு இடம் கிடைக்க, பின் சக்கரங்களைக் கழற்றவேண்டியிருக்கிறது. கே.எல். சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டரில் கிள்ளானுக்குப் போகிற நாளில் இன்றும் பழைய மடக்கு வண்டிதான். ரயிலுக்கும் மேடைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் வண்டியைத் திருப்பிப் பின் சக்கரத்தை முதலில் ஏற்றுவேன். ஆக, ஒரே வண்டி போதும் என்று நினைத்தவள் வீட்டில் இரண்டு வண்டி நிற்கிறது.

முதல் சோதனை ஓட்டம் கெப்போங்கில் உள்ள வன ஆய்வு நிலையத்தில். ஈயம் தோண்டி வெறுமையாய்க் கிடந்த நிலத்தில் 1920-களின் இறுதியில் தொடங்கி மரம் மரமாக நட்டு உண்டாக்கிய காடு அது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. உள்ளே தார்ச்சாலையும் உண்டு, வேரும் சரளையும் நிறைந்த பாதையும் உண்டு. தார்ச்சாலையில் முன் சக்கரத்தைச் சுழல விட்டோம். சரளையில் அதை நேராகப் பூட்டினோம், இல்லாவிட்டால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் திரும்பும். வேர்களின் மேல் வண்டி தொட்டில்போல் ஆடிப் போனது. பாப்பா தூங்கிவிட்டாள்.

ஓடும் பெற்றோருக்கு ஒன்று. பெரிய சக்கரம் இருப்பதாலேயே ஓட்டத்துக்கு ஏற்ற வண்டி ஆகிவிடாது, கையேட்டில் தயாரிப்பாளர் அப்படிச் சொல்லியிருக்கவேண்டும். பிள்ளைக்குக் கழுத்து உறுதியாகவேண்டும். ஆறு மாதத்துக்கு முன் ஓட்டம் கூடவே கூடாது, சில தயாரிப்பாளர்கள் எட்டு மாதம் என்கிறார்கள். டாக்டரைக் கேட்டுவிட்டு ஓடுங்கள். இன்னொன்று நம் வெயிலுக்கு. வண்டியின் மேல் துண்டையோ சால்வையையோ போர்த்தி நிழல் தருவதாக நினைக்கிறோம், உள்ளே காற்று நின்று அனலாகிவிடுகிறது. நீளமாக இறங்கும் கூரையும் பின்னால் வலைச் சன்னலும் உள்ள வண்டியைத் தேடுங்கள். மழையுறையைப் பையில் வையுங்கள், மூன்று மணிக்குமேல் வானத்தை நம்பமுடியாது. மழை விட்டதும் உறையைக் கழற்றிவிடுங்கள்.

போன ஞாயிறு கிள்ளானில் இருந்தோம். காலை ஏழரை மணிக்கு அப்பா வாசலில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். தெங்கு கிளானா சாலைக்குப் போய்ப் பூ வாங்கி வரலாம் என்றார், வழியெல்லாம் கோத்தா பாலத்தின் கீழ்த்தளத்தில் சின்ன வயதில் சைக்கிள் விட்ட கதை. நான் நாலடி பின்னால். அந்தக் கடைவரிசை வந்தது. முதல் மூடிக்கு முன்னால் நின்றார். மணிக்கட்டு வாரை ஒரு சுற்று இறுக்கினார். கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தி முன் சக்கரத்தை லேசாக எழுப்பி, மூடியைக் குறுக்காகக் கடந்தார். அடுத்த மூடிக்கு எழுப்பவில்லை, நேராகவே ஓட்டினார். சக்கரம் கம்பிகளின் மேல் ‘கடகட’வென்று போய் அந்தப்பக்கம் இறங்கியது. பாப்பா அந்தச் சத்தத்துக்குச் சிரித்தாள்.

“இன்னொரு தடவை போலாமா?” என்று அவளிடம் கேட்டுவிட்டு, வண்டியைத் திருப்பினார்.