கருப்பு டியூப்பும் வெள்ளை பைப்பும்

அன்புள்ள தம்பிக்கு,

கூடலூரில் மழை உண்டா? திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடிந்ததா?

பிவிசி பைப்பில் சொல்யூஷன் தடவினால் பிடித்துக்கொள்கிறது, சொட்டுநீர் டியூப்பில் தடவினால் உரிந்து வந்துவிடுகிறது, இரண்டும் பிளாஸ்டிக்தானே என்று போனில் கேட்டாய். அதை நிதானமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரண்டுக்கும் மூலம் எத்திலீன் என்ற வாயு. அதன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்து நீண்ட சங்கிலியானால் பாலிஎத்திலீன்; உன் சொட்டுநீர் டியூப் அதுதான். அந்தச் சங்கிலி நேராகப் போகிறதா, கிளைவிடுகிறதா என்பதில் இருக்கிறது எல்லாம். கவாத்துக் குச்சிகளைக் கட்டும்போது பார்த்திருப்பாய்: நேர்க்குச்சிகள் நெருங்கி இறுகும், கிளைவிட்டவை எவ்வளவு இறுக்கினாலும் சந்துவிடும். 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வுக்கூடத்தில் கடும் அழுத்தத்தில் கிடைத்தது கிளைவிட்ட வகை. மெத்தென்று இருக்கும், கவருக்கும் பைக்கும் சரி. 1953இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் ஒரு வினையூக்கியைக் கண்டுபிடித்தார். அதிக அழுத்தம் இல்லாமலேயே நேர்ச்சங்கிலி கிடைத்தது. கிணற்றடியில் கிடக்கும் கெட்டியான ஹெச்டிபிஇ (அடர் பாலிஎத்திலீன்) பைப் அந்த வகை. உன் டிரிப் டியூப் இரண்டுக்கும் நடுவில். நேர்ச்சங்கிலியில் வேண்டுமென்றே குட்டைக் கிளைகள் வைத்துச் செய்தது. அதனால்தான் சுருட்ட முடிகிறது, டிரிப்பருக்குத் துளை போட்டாலும் அங்கிருந்து கிழிந்து ஓடுவதில்லை. கருப்பாக இருப்பது அழகுக்காக இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் சங்கிலியை அறுத்துவிடும். அதைத் தடுக்க நூற்றுக்கு இரண்டரை பங்கு அளவில் கார்பன் கரி சேர்க்கிறார்கள். வெள்ளை பைப்புக்கு அந்தக் காப்பு இல்லை. வரப்பில் போட்ட பைப் நொறுங்கியது அதனால்தான். இந்த முறை மண்ணுக்குள் புதைத்துவிடு.

பிவிசியும் அதே மாதிரிச் சங்கிலிதான், ஆனால் ஒன்று விட்டு ஒரு கார்பனில் குளோரின் ஒட்டியிருக்கிறது. அந்தக் குளோரின் பக்கத்துச் சங்கிலியை இழுத்துப் பிடிப்பதால் பைப் விறைப்பாகிறது. சொல்யூஷனில் உள்ள கரைப்பான் அந்த மேற்பரப்பைக் கரைக்கும். இரு பக்கத்துச் சங்கிலிகளும் கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே பைப் ஆகிவிடும். பாலிஎத்திலீனை அந்தச் சொல்யூஷனால் கரைக்க முடியாது. அதற்கு ஜாயினர்தான், பெரிய பைப் என்றால் சூடாக்கி இணைப்பதுதான்.

இப்போது நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. உடைந்த பைப்புகளைக் கவாத்துக் குச்சியோடு சேர்த்துக் கொளுத்தாதே. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகையும், டயாக்சின் என்ற நஞ்சும் வரும். பந்தலுக்குக் கீழேதான் உன் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! அந்தக் கொடிகள் மேல் இந்தப் புகை படியலாமா?

பழைய இரும்புக்காரருக்குப் போடு, ஆனால் பிவிசியையும் பாலிஎத்திலீனையும் பிரித்துப் போடு. இரண்டையும் சேர்த்து உருக்கினாலும் கலக்காது. பாலிஎத்திலீனை உருக்கும் சூட்டில் பிவிசி அமிலம் கக்கிக் கெட்டுப்போகும், மற்றதையும் கெடுக்கும். சந்தேகம் வந்தால் சின்னத் துண்டாக நறுக்கி வாளித் தண்ணீரில் அமுக்கி விடு. பிவிசி அடியில் போய்விடும், கருப்பு டியூப் மிதக்கும்.

பைப் மாற்றும் வேலையைப் பள்ளி விடுமுறை வரை தள்ளிப்போடு. நானும் வருகிறேன், சேர்ந்தே பிரிப்போம்.

அன்புடன்,
அக்கா