அரசன் பெயர் ஆண்டுக் கணக்குக்கு மட்டும்

தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளின் முகப்பைக் கவனியுங்கள். 'மதுரை வீரன் துணை' கண்ணில் படும். 'திருமலை நாயக்கர் துணை' என்று எழுதிய வண்டியை நான் பார்த்ததே இல்லை. கதைப்படி, மதுரை வீரனை மாறுகால் மாறுகை வாங்கச் சொன்னவர் அவர். அவருக்கு மகால் இருக்கிறது. வெட்டுப்பட்டவனுக்கு மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலில் சன்னதி, ஊர் ஊராக எல்லைக்காவல்.

ஜனங்கள் ஏன் தோற்றவன் பக்கம் நிற்கிறார்கள்? அரசனைப் பாடப் புலவர்கள் இருந்தார்கள், மெய்க்கீர்த்தி இருந்தது. கொல்லப்பட்டவனுக்கு உடுக்கையும் கூத்தும்தான். அநியாயமாகப் போன உயிர் சும்மா விடாது என்ற பயமும் சேர்ந்துதான் அவனைச் சாமியாக்கியது.

எங்கள் தர்மபுரிப் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்டு விழுந்தவன் வில்லோடு நடுவில் நிற்பான். அரசன் பெயர், எத்தனையாவது ஆட்சியாண்டு என்று சொல்ல மட்டும்! திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் என்ற நாய்க்குக்கூட இடம் உண்டு. ஆட்சியாண்டுக்குப் பெயர் தந்த பல்லவ அரசன் மகேந்திரவர்மனுக்கு உருவம் இல்லை.

சீனத்திலும் இப்படித்தான். அரசு வரலாற்றில் சில வரிகளுக்குள் முடிந்த கலகக்காரன் சோங் ஜியாங். மக்கள் வாயில் அவன் கூட்டம் 36 பேரிலிருந்து 108 பேராக வளர்ந்து பெருநாவலாயிற்று.

நம்மூரில் இப்படிக் கொல்லப்பட்டுச் சாமியான முத்துப்பட்டன், காத்தவராயன் கதைகளை நா. வானமாமலை 1970களில் பதிப்பித்தார். ஆனால் இந்தக் கதைகளைச் சுமக்கும் நம் பக்கத்துக் கூத்து வாத்தியார்களுக்கு வயதாகிறது. செல்போன் கையில் இருப்பவர்கள் இந்த மாசியிலேயே போய் அவர்கள் கூத்தைப் பதிவு செய்யுங்கள்.