பிரூனே ஊரும் பிரீமியர் லீக்கும்

ஸ்டவாங்கர், நோர்வே



நான் வசிக்கும் ஸ்டவாங்கரிலிருந்து தெற்கே ரயிலில் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் பிரூனே வரும். சுற்றிவர யாரன் சமவெளி. கல்லடுக்கிய வேலிகள், மாடுகள், செம்மறிகள், வசந்தத்தில் வயலுக்கு எருவிட்ட வாசம், வடகடலிலிருந்து ஓயாமல் அடிக்கிற காற்று. பன்னிரண்டாயிரம் பேரளவில் வாழும் விவசாய ஊர். 2003க்குப் பிறகு முதன்முறையாக 2025இல் இந்த ஊர்க் கழகம் நோர்வேயின் முதற்பிரிவில் ஆடியது. அந்தப் பருவத்தில் ஆட்ட நாயகனாகத் தெரிவான கோல் காப்பாளருக்குக் கையில் கொடுத்த பரிசு நான்கு தட்டு முட்டை. மைதானத்தின் ஓரத்தில் உழவு இயந்திரத்தை நிறுத்தி, அதில் இருந்தபடி ஆட்டம் பார்க்கவும் இடம் கொடுத்தார்கள். எதிரணி இரசிகர்கள் பட்டிக்காட்டார் என்று கேலி செய்ததையே இவர்கள் தங்கள் பாட்டாக்கிக்கொண்டு, விவசாயிகள் என்பதில் தங்களுக்குப் பெருமை என்று தொண்டை கிழியப் பாடுகிறார்கள்.

எர்லிங் ஹாலண்ட் வளர்ந்தது இந்த ஊரில்தான். தகப்பன் அல்ப்-இங்கே ஹாலண்ட் இங்கிலாந்தில் உதைபந்து ஆடிக்கொண்டிருந்த 2000ஆம் ஆண்டு அங்கே பிறந்தவர், மூன்று வயதில் பிரூனேக்கு வந்து சேர்ந்தார். 2016இல் பதினைந்து வயதில் ஊர்க் கழகத்தின் முதல் அணிக்கு இறங்கினார். ஆடிய பதினாறு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஏழு ஆண்டு கழித்து, 2022-23 பருவத்தில் மன்செஸ்டர் சிட்டிக்கு 36 கோல் போட்டு பிரீமியர் லீக்கின் ஒரு பருவச் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றினார்.

அந்தப் பதினாறு ஆட்டங்களில் யாரும் அவனைக் கைவிடவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஸ்காண்டிநேவிய வீரர்கள் மேல் இங்கிலாந்துக் கழகங்களுக்கு ஏன் இவ்வளவு மோகம் என்று கேட்டால், நல்ல உயரம், குளிர் தாங்கும் உடம்பு, வைக்கிங் பரம்பரை என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும். மெலிந்த தோளோடு ஆர்சனலின் தலைவராக இருக்கும் மார்ட்டின் ஒடெகார்டை இந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது? பாலகன் முகத்தோடு வந்து மன்செஸ்டர் யுனைட்டடுக்கு 126 கோல் போட்ட சோல்ஷாரை எங்கே சேர்ப்பது? ஊர்ச்சனம் கூடி, அவசரப்படுத்தாமல் வளர்த்தெடுத்த பிள்ளைகள் இவர்கள். இங்கிலாந்து காசு கொடுத்து வாங்குவது அந்த வளர்ப்பைத்தான் என்பது, இங்கே மைதான ஓரங்களில் நின்று நான் கண்ட முடிவு.

சனிக்கிழமை காலையில் எந்த ஊர் மைதானத்துக்கும் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மழை தூறிக்கொண்டிருக்கும். செயற்கைப் புல்லில் ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஓடுவார்கள். பயிற்றுநர் என்று விசிலோடு நிற்பவர் எண்ணெய்க் கம்பனியில் வேலை செய்கிற ஒரு தகப்பனாக இருப்பார். சம்பளம் கிடையாது. ஓரத்துச் சின்னக் கடையில் இரண்டு தாய்மார் இதய வடிவ வாஃபிள் சுட்டு, ஜாமும் புளித்த பாலாடையும் வைத்து விற்பார்கள். அன்றைக்கு யாருடைய முறை என்று முன்கூட்டியே பட்டியல் வந்திருக்கும். கழகத்துக்குக் காசு சேர்க்க வீடுவீடாகப் போய்க் கழிவறைக் காகிதக் கட்டுகள் விற்பதும் பெற்றோரின் வேலை. எல்லாம் சிரமதானம். கழகம் உறுப்பினர்களுடையது, ஒரு முதலாளியுடையது அல்ல என்பதால் யாரும் இதில் முகம் சுளிப்பதில்லை.

ஒரு பக்கம் நான்கு கோல் முன்னுக்குப் போய்விட்டால், பின்தங்கிய அணி ஒரு பிள்ளையைக் கூடுதலாக இறக்கலாம். சிறுவர் ஆட்டத்துக்கு இங்கே அதுதான் விதி. நோர்வேயின் விளையாட்டுக் கூட்டமைப்பு சிறுவருக்கென்று தனிச் சட்டமே வைத்திருக்கிறது, 1987 முதல். பதினொரு வயதாகும் ஆண்டுவரை புள்ளிப் பட்டியல் இல்லை. பதின்மூன்று வயதுக்கு முன் தேசியச் சம்பியன் போட்டி இல்லை. இங்கே வந்து குடியேறிய எங்கள் தமிழ்ப் பெற்றோர் சிலருக்கு இது முதலில் பிடிபடாது. பிள்ளையின் அணி எத்தனையாவது இடம் என்று கேட்பார்கள். இடமே கிடையாது என்றால், பிறகு எதற்கு இந்த மழையில் நிற்கிறோம் என்பார்கள். இரண்டு வருடம் போனால் அவர்களே வாஃபிள் சுட நிற்பார்கள்.

பிரூனேயில் ஹாலண்டின் வயதையொட்டி நாற்பது பிள்ளைகளளவில் ஒன்றாகப் பழகினார்கள். அவர்களின் பயிற்றுநர் அல்ப் இங்வே பெர்ன்ட்சன், கெட்டிக்காரரைப் பிரித்தெடுத்துத் தனி அணி ஆக்கவில்லை. வார இறுதியில் உள்ளரங்கைத் திறந்துவிட்டு, பெரியவர் தலையீடு இல்லாமல் பிள்ளைகளை அவர்கள் பாட்டில் ஆடவிட்டார்கள். அந்த நாட்களில் ஹாலண்ட் சின்ன உருவம். உயரம் பதின்ம வயதின் பிற்பகுதியில் வந்தது. உடம்பைப் பார்த்துப் பன்னிரண்டு வயதில் வடிகட்டுகிற ஊராக இருந்தால் அவன் அங்கேயே கழிபட்டிருப்பான். தன்னைவிடப் பெரியவர்களோடு முட்டிப் பந்தெடுக்க முடியாதென்று கண்டு, எங்கே பந்து வரப்போகிறது என்று முன்கூட்டியே ஓடப் பழகினான். சிட்டியின் ஆட்டங்களில் தடுப்பாட்டக்காரரின் முதுகுப் பக்கமாக அவர் நழுவி வருகிறாரே, அந்த ஓட்டம் பிரூனே உள்ளரங்கில் பழகியது.

இனி, இங்கிலாந்தின் மேல் இவர்களுக்கு இருக்கும் ஈர்ப்பு. அதன் வேர் 1969இல் இருக்கிறது. நோர்வேயிலும் சுவீடனிலும் உதைபந்துப் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். பிறகு மைதானம் உறைந்து கிடக்கும். ஆனால் ஆட்ட முடிவுகளை ஊகித்துப் பந்தயம் கட்டுகிற சீட்டுக்குக் குளிர்காலத்திலும் ஆட்டங்கள் வேண்டும், இங்கிலாந்தில் அப்போதுதான் பருவம் உச்சத்தில். ஆகவே அந்த ஆண்டு முதல் சனிக்கிழமை பிற்பகல்களில் ஓர் ஆங்கில ஆட்டத்தை நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கினார்கள். நோர்வேயில் அதற்குத் திப்பெகம்பன் என்று பெயர், சுவீடனில் டிப்ஸ் எக்ஸ்ட்ரா. அன்று நோர்வேயில் இருந்தது ஒரேயொரு அலைவரிசை. வெளியே பனி, மூன்று மணிக்கெல்லாம் இருட்டு, உள்ளே வீடு முழுக்க ஒரே பெட்டியின் முன்னால். அறுபது வயதைக் கடந்த என் அலுவலக நண்பர் ஒருவர் இங்கிலாந்தின் வுல்வ்ஸ் கழகத்தின் இரசிகர். தன் மகனையும் அப்படியே வளர்த்துவிட்டார். தொலைக்காட்சியில் ஆங்கிலத்துக்குக் குரல் மாற்றாமல் கீழே எழுத்து மட்டும் போடுகிற நாடு என்பதால், இங்கத்தைய பிள்ளைக்கு ஆங்கிலம் காதிலேயே ஏறிவிடுகிறது. இங்கிலாந்தில் உடை மாற்றும் அறைக்குள் நுழைகிற முதல் நாளே அவனுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1974இல் பாப் ஹௌட்டன் என்ற இளம் ஆங்கிலப் பயிற்றுநர் சுவீடனின் மால்மோ கழகத்துக்கு வந்தார். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய நண்பர் ரோய் ஹொட்சன் ஹல்ம்ஸ்டாட்டுக்கு வந்து, அந்த ஆண்டே அதைச் சம்பியனாக்கினார். ஆளைத் துரத்தாமல் தன் பகுதியைக் காப்பது, நான்கு நான்கு பேராக இரு வரிசை அமைத்து ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நகர்வது என்பவை இவர்கள் வழியே பரவின. 1979இல் மால்மோ ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் வரை போய் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டிடம் ஒரு கோலால் தோற்றது. ஆங்கிலேயர் கற்றுக்கொடுத்ததை வடநாட்டார் ஒழுங்காகப் படித்து வைத்திருந்தார்கள். பிறகு ஆங்கிலேயரே வந்து படித்தவர்களை விலைக்குக் கேட்டார்கள்.

பிரீமியர் லீக் 1992இல் தொடங்கியபோது, முதல் வார ஆட்டங்களில் தொடக்க அணியில் நின்ற பிரித்தானியரோ ஐரிஷ்காரரோ அல்லாதவர்கள் பதின்மூன்றே பேர். அதில் ஐந்து பேர் ஸ்காண்டிநேவியர். டென்மார்க்கின் பீட்டர் ஷ்மைக்கேலும் ஜோன் ஜென்சனும், சுவீடனின் அன்டர்ஸ் லிம்பாரும் ரோலண்ட் நில்சனும், நோர்வேயின் குன்னார் ஹல்லேயும். ஷ்மைக்கேலை யுனைட்டட் வாங்கிய விலை ஐந்து லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல். அந்த 1992 கோடையில், யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்த டென்மார்க், நாடுகளுக்கான ஐரோப்பியக் கிண்ணத்தையே வென்றிருந்தது.

அடுத்த ஆண்டு ஜூன் 2ஆம் திகதி ஒஸ்லோவில் நோர்வே இங்கிலாந்தை 2-0 என்று வென்றது. கோல் போட்டவர்கள் லியோன்ஹார்ட்சனும் பூஹினனும். இருவரையுமே இங்கிலாந்துக் கழகங்கள் ஒன்றிரண்டு ஆண்டுக்குள் வாங்கிக்கொண்டன. நோர்வேயைப் பழக்கியவர் எகில் ஒல்சன், ஊர் அழைக்கும் பெயர் டிரில்லோ. எதிரணி ஒழுங்காக நிற்காத கணங்களை எண்ணிப் பார்த்துத் திட்டம் போட்டவர். அழகில்லை என்று பலர் குறை சொன்னாலும், 1993 அக்டோபரில் உலகத் தரவரிசையில் நோர்வே இரண்டாம் இடத்தில் நின்றது.

1994 ஜனவரியில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. நோர்வேக்காரருக்கு இங்கிலாந்தில் வேலை அனுமதிப் பத்திரம் தேவையில்லை என்றாயிற்று. 1995 டிசம்பரில், கழகங்களுக்கு இருந்த வெளிநாட்டு வீரர் வரம்பை ஐரோப்பியருக்கு நீக்கிய பொஸ்மன் தீர்ப்பு வந்ததும் கதவு முழுதாகத் திறந்தது. 1996இல் சோல்ஷார் பதினைந்து லட்சம் பவுண்டுக்கு யுனைட்டட் போனார். 1997இல் தோரே அன்ட்ரே ஃப்ளோவை பிரான் கழகத்திடமிருந்து செல்சி மூன்று லட்சம் பவுண்டுக்கு வாங்கி, 2000இல் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸுக்கு ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு விற்றது. அந்த நாற்பது மடங்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவரைச் செதுக்கிய கைகள் மேற்கு நோர்வேயின் கைகள்.

இன்று நேரடியாக இங்கிலாந்து போகிறவர்கள் குறைவு. ஹாலண்ட் மோல்டே, சால்ஸ்பேர்க், டோர்ட்முண்ட் என்று சுற்றித்தான் சிட்டிக்குப் போனார். ஒடெகார்ட் மட்ரிட் வழியாக. சுவீடனின் அலெக்சாண்டர் இசாக் ஸ்டொக்ஹோமின் ஏ.ஐ.கே. கழகத்தில் வளர்ந்து, ஜேர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின் கடந்து நியூகாசில் போய், 2025 செப்டம்பரில் 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் போனார். இடையிலே நிற்கிற ஒவ்வொரு நாடும் விலையை ஏற்றிக்கொள்கிறது. பிறந்த கழகத்துக்கு மிஞ்சுவது ஃபீஃபா வகுத்த பங்கு. கைமாறும் தொகையில் ஐந்து வீதத்தை, பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயதுவரை வளர்த்த கழகங்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வயதுவரை வருடத்துக்குக் கால் வீதம், அதற்கு மேல் அரை வீதம். பன்னிரண்டுக்கு முந்திய மழைக்காலச் சனிக்கிழமைகளுக்கு ஒன்றுமில்லை. இந்தக் கணக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த வயதில்தானே பிள்ளை பந்தை நேசிக்கப் பழகுகிறது?

பிரெக்ஸிட் வந்தபிறகு ஒரு நன்மை நடந்தது. 2021 முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட வெளிநாட்டுப் பிள்ளையை இங்கிலாந்துக் கழகம் எடுக்க முடியாது. முன்பு ஒஸ்கார் பொப் போன்றவர்கள் பதினாறில் புறப்பட்டார்கள். ரோசன்போர்க்கின் ஸ்வெர்ரே நீபன் பதினெட்டுவரை தன் ஊரில் பெரியவர்களோடு ஆடி முடித்துத்தான் 2025இல் சிட்டிக்குப் போனார். கழகத்துக்கும் நல்ல விலை கிடைத்தது, பிள்ளைக்கும் இரண்டு வருடம் தாயின் சோறு கிடைத்தது.

போனவர்கள் திரும்பியும் வருகிறார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, ஐம்பதினாயிரம் பேரளவில் வாழும் பூடோ நகரத்தின் கிளிம்ட் கழகத்தைச் சொல்கிறேன். பத்ரிக் பேர்க் பிரான்ஸ் போய்த் திரும்பியவர். யென்ஸ் பீட்டர் ஹௌகே மிலானுக்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் போய்த் திரும்பியவர். 2021இல் ரோமாவை 6-1 என்று அடித்து அனுப்பிய கழகம், 2025இல் யூரோப்பா லீக் அரையிறுதி வரை போய் டொட்டன்ஹாமிடம் தோற்றது. ஐரோப்பியப் போட்டியொன்றில் எந்த நோர்வே கழகமும் அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதில்லை. எண்ணாயிரம் பேரளவே கொள்கிற கிளிம்டின் அஸ்ப்மீரா மைதானம் அந்த அரையிறுதியன்று ஊரே திரண்ட மாதிரி இருந்தது.

2026 ஜனவரி 20ஆம் திகதி மன்செஸ்டர் சிட்டி அங்கே வந்தது, சம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்கு. நோர்வே லீக் முடிந்து வாரக்கணக்காகியிருந்தது. கிளிம்டின் டென்மார்க்கார முன்கள வீரர் கஸ்பர் ஹொக் முதற்பாதியிலேயே இரண்டு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் ஹௌகே ஒன்று போட்டார். முடிவு 3-1. சிட்டியின் முன்வரிசையில் கடைசிவரை பந்துக்கு ஏங்கி நின்றவர் பிரூனேயின் ஹாலண்ட். அந்தக் குளிரில் மன்செஸ்டரிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருந்த 374 இரசிகர்களின் டிக்கட் காசைச் சிட்டி வீரர்கள் தங்கள் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள்.