மஞ்சள் விளக்கு

நாமக்கல் பட்டறைக்கு ட்ரெய்லர் ஏபிஎஸ் கோளாறோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: “லைட்ட மட்டும் அணைச்சு உடு தம்பி.”

அந்த மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால் நான் முதலில் பார்ப்பது வீல் சென்சாரை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மீட்டரை ஏசியில் வைத்து, இரண்டு நொடிக்கு ஒரு சுற்று கையால் சுற்றினால் குறைந்தது 0.2 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெரும்பாலும் சென்சார் பல்வளையத்தை விட்டு விலகியிருக்கும். வளையத்தைத் தொடும்வரை கையாலேயே தள்ளணும்; சுத்தியல் ஆகாது. பேரிங் ஆடினால் மறுபடி பின்வாங்கும். கோளாறு ஹப்பில், பழி சென்சாருக்கு.

எனக்குப் பயம் காலி வண்டிதான். பாரமில்லாத சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும். ட்ரெய்லர் வாலை வீசும். மழை நாளில் தொப்பூர் இறக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

“முப்பது வருசம் இது இல்லாமத்தான ஓட்டுனேன்?” என்றார் போன வாரம் வந்த டிரைவர்.

“காலியாவா போறீங்ண்ணா?”

பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “பேரிங் மாத்த எவ்வளவு நேரமாகும்? ஒரு நடை போயிருமே,” என்றார்.

“மத்தியானம் ஆயிரும்ங்ண்ணா.”

துண்டை உதறிக்கொண்டு கேபினில் ஏறிப் படுத்துவிட்டார்.